தாரிம் ஆறு, பருத்தி, காஞ்சு போன காடு: கேட்டவங்களுக்கு என் பதில்கள்

சீனாவோட ஷின்ஜியாங்ல ஓடுற தாரிம் ஆறு பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்னு சொல்லியிருந்தேன். வறண்ட ஆத்துப் படுகைகள்ல நிலம் எதுக்கு பயன்படுது, அதனால தண்ணி எங்க போகுதுன்னு பாக்கிறதுதான் என் வேலை. வந்த கேள்விகளை அப்படியே வெச்சு பதில் எழுதறேன். எல்லாத்துக்கும் ஒரே நீளத்துல பதில் வராது, கோச்சுக்காதீங்க.

புதுசா_படிக்கிறேன்: அக்கா, தாரிம் எந்தக் கடல்ல போய் கலக்குது? மேப்ல பாத்தா நடுவுலயே நின்னு போற மாதிரி இருக்கு.

நின்னுதான் போகுது தம்பி, அது கடலுக்கே போறதில்ல. சுத்தி மூணு பக்கமும் மலை (வடக்க தியான்ஷான், தெற்க குன்லுன், மேற்க பாமீர்), நடுவுல தாக்லமக்கான் பாலைவனம். படுகை மொத்தம் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல. மலையில பனியும் பனிப்பாறையும் உருகி வர்ற தண்ணிதான் முதல், கீழ சமவெளியில மழையை நம்ப முடியாது, ஆத்தோட கீழ்ப்பகுதியில வருஷத்துக்கு 50 மில்லிமீட்டர் கூட பெய்யாது, ஆனா வெயில் ஆவியாக்கக்கூடிய தண்ணி 2000 மில்லிமீட்டருக்கு மேல. அக்சு, யார்க்கந்த், ஹோத்தான்னு மூணு ஆறு சேர்ந்து தாரிம் ஆகுது, அதுல அக்சுதான் பெரிய பங்கு. அங்கிருந்து 1321 கிலோமீட்டர் ஓடி தைதிமாங்கிற ஏரியில முடியும். ஆத்தோட வாய்க்கால் இடம் மாறின காலங்கள்ல லோப் நோர் ஏரிக்கும் போயிருக்கு.

இதை ஏன் முதல்லயே விளக்கமா சொல்றேன்னா, கடலுக்கு போகாத ஆத்துல "வீணா போற தண்ணி"ன்னு ஒண்ணு கிடையாது. கீழ போற ஒவ்வொரு சொட்டையும் ஒரு மரமோ நாணலோ ஏரியோ குடிச்சுக்கிட்டு இருந்துது. மேல ஒரு ஏக்கர் புதுசா வயல் ஆச்சுன்னா கீழ எங்கயோ அதே அளவு தண்ணி குடிச்ச ஏதோ ஒண்ணு சாகணும். எங்கயோ ஒரு இடத்துல சாகும், பல வருஷம் கழிச்சு சாகும், அதனாலதான் யாரும் சேர்த்துப் பாக்க மாட்டாங்க.

வரலாறுப்_பித்து: மேடம், லோப் நோர் பக்கத்துல இருந்த பழைய லூலான் நகரம் ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே தண்ணியில்லாம கைவிடப்பட்டதுதானே? 1900ல ஸ்வீடன் பயணி ஸ்வென் ஹெடின் போய் கண்டுபிடிச்சப்ப வெறும் மணல்தானே இருந்துது? அப்ப பருத்தியும் இல்ல அணையும் இல்ல. இது இயற்கையாவே நடக்கிறதுதான்னு ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?

லூலான் கைவிடப்பட்டதுக்கு ஆறு இடம் மாறினது ஒரு முக்கியமான காரணமா சொல்லப்படுது, அதுல எனக்கு சண்டை இல்ல. வண்டலைக் கொட்டிக்கிட்டே போற தட்டையான ஆறு இடம் மாறத்தான் செய்யும். ஆனா அப்ப ஆறு ஒரு பக்கம் விட்டுப் போனா இன்னொரு பக்கம் போய் காட்டையும் ஏரியையும் உண்டாக்குச்சு. 1950-கள்ல இருந்து நடந்தது வேற. பிங்துவான்னு சொல்ற ராணுவ உற்பத்திப் படையை 1954ல அமைச்சு, ஆத்தோரம் பண்ணை பண்ணையா நிலம் திருத்தினாங்க. 1972ல கீழ்ப்பகுதியில தாசிஹைசி நீர்த்தேக்கம் வந்துது. அதுக்கு கீழ 300 கிலோமீட்டருக்கு மேல ஆறு மொத்தமா நின்னு போச்சு, தைதிமா ஏரி காஞ்சுது, லோப் நோரும் கிட்டத்தட்ட அதே காலத்துல முடிஞ்சுது, இப்ப அங்க பொட்டாஷ் உப்பு எடுக்கிறாங்க. இந்தத் தடவை ஆறு இடம் மாறல, வேற எங்கயும் புதுக் காடு முளைக்கல. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க.

பருத்திக்காடு: நான் சொந்தமா பருத்தி போட்டு சொட்டுநீர்ல பாசனம் பண்றவன். ஷின்ஜியாங்ல பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில சொட்டுநீர் போட்டு பாதித் தண்ணியில விளைய வெக்கிறாங்கன்னு வீடியோ பாத்தேன். அப்ப பிரச்சினை தீந்திருக்கணுமே, ஏன் இன்னும் அழறீங்க?

அழல, கணக்கு சொல்றேன், பொறுமையா கேளுங்க அண்ணே. அந்த முறை 1996 வாக்குல ஷின்ஜியாங்ல ஷிஹேசி பக்கம் ஆரம்பிச்சு இப்ப அந்த மாகாணம் முழுக்க பரவிடுச்சு. சீனாவோட பருத்தியில சுமார் 90% அங்கதான் விளையுது. விளைச்சல் கூடினது உண்மை, வயலுக்கு விடற தண்ணி குறைஞ்சதும் உண்மை.

இப்ப ஒரு எடுத்துக்காட்டுக்கு எண்ணை நானே போடறேன். வாய்க்கால் பாசனத்துல வயலுக்கு 1000 பங்கு தண்ணி விட்டீங்க. செடி 600 குடிச்சுது, மண்ணுல இருந்து 100 ஆவியாச்சு, மீதி 300 கீழ இறங்கி நிலத்தடிக்கும் வடிகாலுக்கும் போச்சு, அதுல ஆத்தோர மரமும் நாணலும் பிழைச்சுது. சொட்டுநீருக்கு மாறினீங்க, 700 விட்டா போதும். செடி நல்லா வளர்ந்ததால 630 குடிக்குது, ஆவி 40, கீழ இறங்கறது 30. வயல்ல நின்னு பாத்தா 300 மிச்சம். ஆனா திரும்பி வராம போன தண்ணி முன்ன 700, இப்ப 670. உண்மையான மிச்சம் 30 பங்குதான்! இப்ப அந்த "மிச்சம்" 300ஐ வெச்சு பக்கத்துல புது நிலம் திருத்தினா மொத்தமா காணாம போறது 950-ஐ தாண்டிடும். எல்லாரும் சிக்கனமா இருந்தும் ஆறு முன்னைவிட இளைச்சுப் போச்சு.

பருத்திக்காடு: காகிதத்துல போடற கணக்கு இது. அந்த 300 பங்கு கீழ இறங்கறதுல நல்லது மட்டுமா நடக்குது? நிலத்தடி மட்டம் மேல வந்து உப்பு பூத்து நிலமே கெட்டுப் போகும். வடிகால் தண்ணி ஆத்துல விழுந்தா ஆறும் உப்பாகும். சொட்டுநீர் அதைத் தடுக்குதே, அதை ஏன் சொல்லல?

இது நல்ல கேள்வி. வெள்ளமா பாச்சி வடிகால் சரியில்லாம விட்ட நிலங்கள் அங்க ஏராளமா உப்பு பூத்துப் போச்சு. வயல் வடிகால் தண்ணி விழுந்து தாரிமே உப்பேறிச்சு, வெள்ளம் இல்லாத மாசங்கள்ல ரொம்ப மோசம். போஸ்தான் ஏரி, சீனாவோட பெரிய உள்நாட்டு நன்னீர் ஏரின்னு பேர் எடுத்தது, அதுவும் அதே காரணத்துல லேசா உப்புக் கரிக்க ஆரம்பிச்சுது. அதனால வாய்க்கால் பாசனத்துக்கு நான் கொடி பிடிக்கல.

ஆனா சொட்டுநீர்ல உப்பு எங்க போச்சுன்னு கேளுங்க. பாசனத் தண்ணியில உப்பு வந்துக்கிட்டேதான் இருக்கு, செடி தண்ணியைக் குடிச்சுட்டு உப்பை விட்டுடுது. சொட்டுநீர் அந்த உப்பை ஈரம் படற எல்லை வரைக்கும் தள்ளி வெக்கும், அவ்வளவுதான், வெளிய அனுப்பாது. அதனாலதான் அங்க அறுவடை முடிஞ்சு குளிர்காலத்துலயோ விதைப்புக்கு முன்னாடியோ வயலை முழுக்க தண்ணியில மூழ்கடிச்சு உப்பைக் கழுவறாங்க. நீங்க பாத்த வீடியோவுல அந்தத் தண்ணியைக் கணக்குல சேர்த்தாங்களா? சேர்த்திருக்க மாட்டாங்க. கூடவே வருஷா வருஷம் கிழிஞ்சு மண்ணுல தங்கற பிளாஸ்டிக் ஷீட் வேற இருக்கு, அது அந்த ஊர் விவசாயிக்கே தலைவலி.

ஓரமா_நிக்கிறவன்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் படுது. அப்ப சொட்டுநீர் வேணுமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வேணும், ஆனா முதல்ல நிலப்பரப்புக்கு ஒரு எல்லை போட்டுட்டு. ஒரே வார்த்தையில முடியல, ஏன்னா இதே படுகைக்கு கிழக்க ஹெய்ஹே ஆத்துல நடந்ததைப் பாத்துட்டுதான் பேசறேன். அங்க கடைசியில இருந்த ஏரிகள், மேற்கு ஜுயான் 1961ல காஞ்சுது, கிழக்கு ஜுயான் 1992ல. 2000ல இருந்து நடுப்பகுதியில இருக்கிற ஜாங்யே விவசாயிங்க இவ்வளவு தண்ணியைக் கீழ விட்டே ஆகணும்னு பங்கீடு போட்டு கறாரா அமல்படுத்தினாங்க. 2002ல ஏரியில திரும்ப தண்ணி நின்னுது, பெரிய விஷயம், நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா நடுப்பகுதியில வயல் பரப்பு குறையல, கூடுச்சு. ஆத்துத் தண்ணி கிடைக்காத இடத்துல கிணறு போட்டு நிலத்தடித் தண்ணியை எடுத்தாங்க. மதகை எண்ணினவங்க கிணறை எண்ணல. மறுபடி சொல்றேன், எத்தனை ஏக்கர்னு எண்ணாம எத்தனை சொட்டுன்னு எண்ணி பிரயோஜனம் இல்ல.

பருத்திக்காடு: விவசாயி நிலத்தைக் குறைக்கணும்னு சொல்றது சுலபம். நீங்க சம்பளம் வாங்கறவங்க.

அண்ணே, இருக்கிற விவசாயியோட நிலத்தைப் புடுங்கணும்னு நான் எங்கயும் சொல்லல. நான் சொல்றது புதுசா திறக்கிற நிலத்தை. அங்க புது நிலம் திறந்ததுல பெரும்பகுதி ரெண்டு ஏக்கர்காரர் செஞ்சது இல்ல, பெரிய பண்ணையும் குத்தகைக்கு எடுத்த முதலாளியும் செஞ்சது. அதனால முதல்ல அடி வாங்கினவங்களும் கீழ்ப்பகுதியில ஏற்கெனவே இருந்த விவசாயியும் ஆடு மேய்ச்சவங்களும்தான், தண்ணி வராம கிராமத்தையே விட்டுப் போயிருக்காங்க. இதை நீங்களும் யோசிக்கணும். இதுக்கு மேல இந்தத் தலைப்புல நான் எழுதினா மத்தவங்க கேள்வி எல்லாம் நின்னுடும், இதோட விடறேன்.

ஆத்துமணல்: நம்ம பாலாறும் இப்படித்தானே?

இல்ல. பாலாறு கடலுக்குப் போற பருவமழை ஆறு. தனியா பேசணும், இங்க வேணாம்.

செயற்கைக்கோள்_மாணவி: அக்கா, எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு தாரிம் படுகை எடுத்திருக்கேன். பசுமைக் குறியீடு (செயற்கைக்கோள் படத்துல செடி எவ்வளவு பச்சைன்னு காட்டற எண்) 2000க்கு அப்புறம் நல்லா ஏறுது. "சூழல் மேம்பட்டிருக்கு"ன்னு முடிவு எழுதலாமா?

எழுதாதீங்கம்மா, தயவு செஞ்சு எழுதாதீங்க. எந்தப் பச்சைன்னு முதல்ல பிரிங்க. ஜூலையில எடுத்த படத்துல பருத்தி வயல் பளிச்சுன்னு பச்சையா தெரியும், ஆத்தோரக் காடு மங்கலா, பாதி மண் நிறத்துல தெரியும், ஏன்னா மரங்கள் இடைவெளி விட்டு நிக்கும், இலை சாம்பல் பூத்த பச்சை. காட்டை அழிச்சு பருத்தி போட்டா உங்க குறியீடு ஏறும். காடு செத்தது உங்க கிராஃப்ல முன்னேற்றமா வந்து நிக்கும். அதனால முதல்ல நில வகையைப் பிரிச்சு வயலைத் தனியா எடுத்துடுங்க, அப்புறம் வயல் அல்லாத பகுதியை ஆத்துல இருந்து எவ்வளவு தூரம்னு பட்டை பட்டையா வெட்டி பாருங்க. ஆத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள ஒரு கதை வரும், அதுக்கு வெளிய வேற கதை வரும். உங்க ப்ராஜெக்ட்டே அங்கதான் இருக்கு.

மரம்_நடுவோம்: 2024 நவம்பர்ல தாக்லமக்கானைச் சுத்தி 3046 கிலோமீட்டர் பச்சை வேலி போட்டு முடிச்சாங்களே, அதைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை?

நல்லது உண்டு. ஓரத்துல இருக்கிற ஊர், ரோடு, ரயில்பாதையை மணல் மூடாம அது காக்குது. 1978ல ஆரம்பிச்ச மூணு வடக்கு பாதுகாப்புக் காடு திட்டத்தோட தொடர்ச்சி, பல தலைமுறை உழைப்பு. ஆனா மறுபடியும் அதே எச்சரிக்கை, எந்தப் பச்சைன்னு கேளுங்க. மணல்ல வைக்கோலைச் சதுரம் சதுரமா பதிச்சு சக்சவுல், டாமரிக்ஸ் மாதிரி கொஞ்சமா குடிக்கிற புதரை நட்டா ஒரு கணக்கு. தண்ணி நிறைய குடிக்கிற மரத்தை நட்டு ஆயுசு பூரா பம்ப் ஓட்டினா வேற கணக்கு. பாலைவனத்துக்கு நடுவுல போற 1995 ரோட்டோரமா 436 கிலோமீட்டருக்கு மரப்பட்டை இருக்கு, கிணறு போட்டு உப்புக் கலந்த நிலத்தடித் தண்ணியில சொட்டுநீர் ஓட்டித்தான் வளர்க்கிறாங்க. ரோடு காக்க அது சரி, அதை ஆத்தோரக் காட்டுக்கு மாற்றுன்னு மட்டும் சொல்லாதீங்க.

கிளை_இலை: அந்த ஆத்தோர மரம் பத்தி சொல்லுங்களேன், ஆயிரம் வருஷம் வாழும் ஆயிரம் வருஷம் சாகாம நிக்கும்னெல்லாம் சொல்றாங்க.

அந்த ஆயிரம் கதையை விடுங்க, உண்மையே அதைவிட அழகு. யூஃப்ராடிஸ் பாப்லர், உய்குர் மக்கள் தோக்ராக்னு சொல்றது. உலகத்துல இந்த மரக்காட்டோட பெரும்பங்கு தாரிம் படுகையிலதான் இருக்கு. இளசுல இலை மெலிசா நீட்டமா இருக்கும், வளர்ந்த கிளையில அகலமா வட்டமா இருக்கும், ஒரே மரத்துல ரெண்டையும் பாக்கலாம். அக்டோபர்ல முழுக்க மஞ்சளாகும். உப்பைத் தாங்கும், குளிரைத் தாங்கும், வேரை நிலத்தடித் தண்ணிக்கு இறக்கி மழையே இல்லாம வாழும்.

ஆனா குழந்தையா இருக்கறப்ப இதைவிட பாவப்பட்ட மரம் கிடையாது. விதை பஞ்சோட பறக்கும், தூசி மாதிரி சின்னது, உள்ள சேமிப்புன்னு ஒண்ணும் இருக்காது, சில வாரத்துல முளைப்புத் திறன் போயிடும். அந்த நாளுக்குள்ள வெள்ளம் வந்து வடிஞ்ச ஈர வண்டல்ல விழணும். கோடையில மலைப்பனி உருகி ஆறு கரை புரள்றதும் விதை பறக்கிறதும் ஒரே சமயத்துல நடக்கும், அந்த ஏற்பாட்டை நம்பித்தான் இந்தக் காடே இருக்கு. அப்புறம் தண்ணி மட்டம் மெதுவா இறங்கணும், வேர் பின்னாடியே துரத்திக்கிட்டு போகணும். வெள்ளம் இல்லன்னா விதையில இருந்து ஒரு கன்னு கூட வராது. வேர்ல இருந்து பக்கக் கன்னு விடும், அதுவும் நிலத்தடித் தண்ணி கிட்ட இருந்தாத்தான்.

இப்ப 1972க்கு வாங்க. தாசிஹைசி அணைக்கு கீழ ஆறு நின்னுது. 1950-கள்ல அங்க சில மீட்டர் ஆழத்துல இருந்த தண்ணி மட்டம் 1990-கள்ல பல இடத்துல 8, 10 மீட்டருக்கும் கீழ போயிடுச்சு. முதல்ல புல்லும் நாணலும் போச்சு, அப்புறம் டாமரிக்ஸ் புதர் (அது தன்னைச் சுத்தி மணலைப் பிடிச்சு மேடு மேடா வெச்சிருக்கும், செத்ததும் அந்த மணல் எல்லாம் அவிழ்ந்துடும்), கடைசியா பெரிய மரங்கள் உச்சியில இருந்து காய ஆரம்பிச்சுது. தாக்லமக்கானுக்கும் கிழக்க இருக்கிற குருக் பாலைவனத்துக்கும் நடுவுல இந்தக் காடு ஒரு ஒல்லியான பட்டையா நின்னுது, 218ஆம் நம்பர் நெடுஞ்சாலை அதுக்குள்ளதான் போகுது. அது போயிட்டா ரெண்டு மணலும் கை கோத்துக்கும். இதுதான் 2000ல சீன அரசைப் பயமுறுத்தி அந்த அணையில இருந்து கீழ தண்ணி திறக்க வெச்சுது.

வாட்ஸப்_மாமா: சீனா பாலைவனத்தையே பச்சையாக்கிட்டான், நாம என்ன பண்றோம்? வீடியோ பாருங்க.

மூணு கேள்விக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டேன். எந்தப் பச்சை, யார் தண்ணி, எத்தனை நாள். இதே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டவங்க எல்லாருக்கும் இதேதான், இனிமே தனித்தனியா எழுதப் போறதில்ல.

சட்டம்_படிக்கிறவள்: ஷின்ஜியாங் பருத்தின்னா உய்குர் கட்டாய உழைப்பு பத்தி பேசாம இருக்கலாமா?

இருக்கக்கூடாது, ரொம்ப முக்கியமான விஷயம். அமெரிக்கா 2021ல இதுக்குன்னே ஒரு இறக்குமதித் தடைச் சட்டம் போட்டிருக்கு. ஆனா அது மனித உரிமை, உழைப்புச் சட்டம் தெரிஞ்சவங்க பதில் சொல்ல வேண்டியது. எனக்குத் தெரிஞ்சது தண்ணியும் மண்ணும், அதனால அரைகுறையா சொல்ல விரும்பல.

பனிமலை: பனிப்பாறை உருகி தண்ணி கூடுதுன்னா ஆத்துக்கு நல்லதுதானே?

இப்போதைக்கு கூடியிருக்கு. அக்சு ஆத்துக்கு தண்ணி கிர்கிஸ்தான் பக்கத்து மலையிலிருந்து வருது, 1990-கள்ல இருந்து மலையிலிருந்து இறங்கற அளவு முன்னைவிட அதிகம். கொடுமை என்னன்னா, மேல அவ்வளவு வந்தும் கீழ்ப்பகுதிக்கு அது சேரல, நடுவுல புது வயல் வாங்கிக்கிச்சு. பனிப்பாறை சேமிப்புக் கணக்கு மாதிரி, வட்டிக்கு மேல முதலையும் எடுத்து செலவு பண்றோம். ஒரு கட்டத்துக்கு மேல பாறை சின்னதாகி கோடைத் தண்ணி குறையும். அப்ப இந்தக் கூடுதல் தண்ணியை நம்பித் திறந்த நிலத்தை எல்லாம் யார் மூடப் போறாங்க? மூட மாட்டாங்க, கிணறு தோண்டுவாங்க.

தூண்டில்: மீன் ஏதாவது இருந்துதா அந்த ஆத்துல?

இருந்துது! தாரிம் பெருந்தலை மீன், வேற எந்தப் படுகையிலயும் இல்லாத இனம், சீனாவுல முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. போஸ்தான் ஏரியில அமோகமா பிடிச்ச மீன். 1960-கள்ல வெளியில இருந்து பெர்ச் மீனைக் கொண்டு வந்து விட்டாங்க, அது குஞ்சுகளைத் தின்னுது, கூடவே முட்டையிட ஆத்துக்குள்ள ஏறிப் போற வழியில மதகும் தடுப்பும் வந்துது. ஏரியில இருந்து அந்த மீன் காணாம போச்சு. இப்ப குஞ்சு பொரிச்சு சில இடத்துல திரும்ப விடறாங்க. மரத்தைப் பத்தி நூறு பேர் கேக்கறீங்க, மீனைக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான், சந்தோஷமா இருந்துது.

வரைபடம்: ஆரல் கடலோட ஒப்பிட்டா?

அதே பருத்தி, அதே காலம், அளவு பெருசு. 1960ல 68,000 சதுர கிலோமீட்டர் இருந்தது, அமு தாரியா, சிர் தாரியா தண்ணியை வயலுக்குத் திருப்பினதால சுருங்கி 1987 வாக்குல ரெண்டா பிரிஞ்சுது. 2005ல கோக்-ஆரல் அணை கட்டி வட பகுதியை மட்டும் கஜகஸ்தான் காப்பாத்திச்சு, மீன்பிடிப்பும் திரும்ப வந்துது. தென்பகுதி பெரும்பாலும் உப்புத்தூசி.

முள்ளுவேலி: டாமரிக்ஸ் நம்ம சீமைக்கருவேலம் மாதிரி தண்ணியை உறிஞ்சற வில்லன்னு படிச்சேனே, அமெரிக்காவுல வெட்டித் தள்ளறாங்களே?

அமெரிக்காவுல அது வெளியில இருந்து வந்தது. தாரிம்ல அது சொந்த ஊர்க்காரன், மணலைக் கட்டி வெச்சிருக்கிறதே அதுதான். சீமைக்கருவேலம் பத்தி கேட்ட மத்த பேருக்கும் இங்க பதில் இல்ல.

கடைசி_பெஞ்ச்: அப்ப 2000ல இருந்து தண்ணி திறந்து விடறது தோல்வியா வெற்றியா?

வெற்றிதான், ஆனா சின்ன வட்டத்துக்குள்ள. 2000 மே மாசம் முதல் தடவை திறந்தாங்க, போஸ்தான் ஏரித் தண்ணியை கொஞ்சே ஆறு வழியா கொண்டு வந்து தாசிஹைசியில இருந்து கீழ விட்டாங்க. அடுத்த வருஷம் 1070 கோடி யுவான் திட்டம் போட்டு வாய்க்கால் பூச்சு, மதகு, கரை எல்லாம் செஞ்சாங்க. தண்ணி தைதிமா வரைக்கும் போய் சேர்ந்துது, ஆத்தை ஒட்டின இடத்துல நிலத்தடி மட்டம் பல மீட்டர் ஏறிச்சு, கிழட்டு மரங்கள் மறுபடி துளிர்த்துது. ஆனா அந்த ஏத்தம் ஆத்துல இருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் நல்லா தெரியுது, ஏன்னா தண்ணி ஒரே கோட்டுல வாய்க்கால் மாதிரி போகுது. மரத்துக்கு வேண்டியது பரந்து நிக்கிற வெள்ளம். விதை பறக்கிற நேரத்துக்கு, பழைய கிளை ஓடைகளைத் திறந்து, தாழ்வான இடத்துல தேங்க விடணும், அப்பதான் புதுக் கன்னு வரும். அதை இப்ப சில இடங்கள்ல செய்யவும் செய்யறாங்க, அதைத்தான் நான் ஆர்வமா பாத்துக்கிட்டு இருக்கேன். தைதிமா ஏரியை ஆழமில்லாம பரத்தி நிரப்பி போட்டோ எடுக்கிறதைவிட அந்தத் தண்ணியைப் பாதி வழியில காட்டுக்குள்ள விட்டா ஆவியா போறது குறையும், மரத்துக்கும் சேரும்.